எவ்ளோ டிகிரி, ஆபா?

அன்புள்ள ஆபா,

இன்று மத்தியானம் ஒரு கல்யாணக் கும்பல் கடைக்கு வந்து போன பிறகு, மெத்தையில் குவிந்து கிடந்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மாம்பழ நிறப் புடவை ஒன்றின் முந்திக்கு அடியில் விரலில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் ஒரு கோணமானி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் அரை வட்டமாக, கண்ணாடி மாதிரி இருக்குமே, அதுதான். அந்தக் கும்பலோடு வந்த சிறுமி ஒருத்தி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடையதாகத்தான் இருக்கும். திரும்பி வந்து கேட்டால் கொடுக்கலாமென்று கல்லாவில் வைக்கப் போனவள், போகிற வழியிலேயே அதை என் முழங்கையில் வைத்துப் பார்த்தேன். கையை மடக்கினேன், நீட்டினேன், மறுபடி மடக்கினேன்.

பக்கத்தில் நின்ற வசந்தி, "இன்னாக்கா, ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துக்கினு இருக்கியா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் வசந்தியையும் பிடித்து உட்காரவைத்து அவள் கையையும் அளந்திருப்பீர்கள். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது, ஆபா. உங்களோடு பேச வேண்டியது நிறைய சேர்ந்திருக்கிறது.

நாம் பழகியது ஒரு பிசியோதெரபி அறையில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், மெழுகு உருகுகிற வாசனையும் வலிக்குத் தேய்க்கிற தைல வாசனையும் கலந்து வீசும் அந்தச் சின்ன அறை. நான் அங்கே போனது என் வலது தோளுக்காக. விழவில்லை, அடிபடவில்லை. ஒரு நாள் தலை வாரும்போது சுருக்கென்றது. போகப் போக, கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பின்னல் போட முடியவில்லை. ஜாக்கெட்டை மாட்டவே பத்மா பக்கத்து வீட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. டாக்டர் அதற்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் சொன்னார். மூட்டைச் சுற்றியிருக்கிற உறை தடித்து, இறுகி, எலும்பை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறதாம்.

எல்லாருக்கும் வருகிற நோய்தான். ஆனால் என் வேலையைப் பாருங்கள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் மெத்தை மேல் நின்று புடவை விரிக்கிறவள் நான். மடிப்பின் ஒரு முனையைப் பிடித்து, கையை உயர்த்தி, ஒரே வீச்சில் வெளிப்பக்கமாக விட்டால், புடவை காற்றில் எழுந்து வந்தவர்களின் மடி வரை போய் இறங்கும். அந்த வீச்சில்தான் ஜரிகை வெளிச்சம் வாங்கும். இருபது வயதிலிருந்து அதைத்தான் செய்துவந்தேன். அந்தக் கை நின்றுபோனதும் முதலாளி என்னைப் பின்னால் பேக்கிங் பகுதிக்கு அனுப்பிவிட்டார். "கை சரியாகட்டும்மா, பாத்துக்கலாம்" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். அட்டைப் பெட்டிக்குள் புடவையை வைத்து மூடிக்கொண்டு, முன்னால் வேறொரு பெண் என் இடத்தில் விரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

முதல் நாள் நீங்கள், மூட்டுக்குச் சூடு கொடுக்க மெழுகு உருக்கி வைத்திருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், வலது கையில் வெள்ளைக் கையுறை போட்டது போல மெழுகு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகம் தெரியாதவளிடம் கேட்ட முதல் கேள்வி:

"எவ்ளோ டிகிரிம்மா?"

"நான் டிகிரி படிக்கலைங்க. ப்ளஸ் டூதான்" என்றேன்.

மெழுகு உடைந்து விழுகிற அளவுக்குச் சிரித்தீர்கள். கோமதி மேடம் உள்ளேயிருந்து ஓடிவந்து, "ஆபா, கைய அசைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று அதட்டினார். உருதுவில் ஆபா என்றால் அக்காவாம். ஊருக்கே நீங்கள் ஆபாதான் போலிருக்கிறது, பிசியோ மேடத்துக்கும் ஆபா. அன்றிலிருந்து எனக்கும்.

பிறகு கோமதி மேடம் என்னை நிற்க வைத்து அளந்தார். அந்தக் கருவியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். நடுவில் வட்டமாக ஒரு கோணமானி, அதிலிருந்து ஸ்கேல் மாதிரி இரண்டு நீளமான கைகள். ஒரு கை அசையாது, இன்னொன்று திரும்பும். "எல்லா மூட்டுக்கும் ஒரு சைபர் இருக்குது" என்று மேடம் சொன்னார். "அங்கேர்ந்து எவ்ளோ தூரம் போவுதுன்னுதான் நாம அளக்குறோம்." முழங்கையை விலாவோடு ஒட்டி, மடக்கி, முன்கை நேராக முன்னால் நீட்டியிருந்தால் அது சைபர். அங்கிருந்து முன்கையைக் கதவு திறக்கிற மாதிரி வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பார்ப்பதற்கு முழங்கைதான் கீல் மாதிரி தெரியும். ஆனால் உண்மையில் மேலே தோளுக்குள் எலும்பின் உருண்டைத் தலைதான் கிண்ணத்துக்குள் சுழல்கிறதாம். நல்ல தோள் அறுபது டிகிரி, சிலருக்கு அதற்கும் மேலே திறக்கும். என்னுடையது பத்தில் நின்றுவிட்டது. கையை முன்னால் தூக்கினால் காதோரம் வரை, நூற்றியெண்பது போக வேண்டும். நான் எண்பதில் பல்லைக் கடித்தேன்.

"பத்துதானா?" என்று நீங்கள் முகமெல்லாம் மலர்ந்து கேட்டீர்கள். "நான் இருபது. உன்ன விட சீனியர்."

உங்களுடைய கணக்கு வேறு என்று பிறகு புரிந்தது. கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆர்டர் எடுத்துச் சமைப்பவர் நீங்கள். அரிசி களைந்து ஊற்றிய தண்ணீரில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு ஒட்டியிருந்தது. ஆனால் உள்ளங்கை மேலே பார்க்க மறுத்தது. முன்கையில் இரண்டு எலும்பு. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். கவிழ்க்கும்போது ஒன்று மற்றதன் மேல் குறுக்கே உருண்டு ஏறிக்கொள்ளும். உங்களுக்கு ஏறிய எலும்பு இறங்கி வரவில்லை. கட்டைவிரல் மேலே பார்க்க, கைப்பிடிக்குள் ஒரு பேனாவை நட்டமாக நிறுத்துவார் மேடம். அதுதான் உங்கள் சைபர். பேனா வெளிப்பக்கம் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு டிகிரி. எண்பதைத் தாண்டினால் உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்.

நீங்கள் ஏமாற்றியதை நான் மறக்கவேயில்லை. முழங்கையை விலாவிலிருந்து மெல்ல விலக்கி, தோளைச் சாய்த்து, பேனாவைப் படுக்கவைத்துவிட்டு, "அம்பது, எழுதிக்கோ மேடம்" என்பீர்கள். கோமதி மேடம் ஒரு துண்டைச் சுருட்டி உங்கள் அக்குளுக்கும் விலாவுக்கும் நடுவில் செருகினார். துண்டு விழுந்தால் கள்ளாட்டம். முதல் தடவையே துண்டு விழுந்தது.

"துண்டு பழசு மேடம், வழுக்குது" என்றீர்கள்.

நானும் யோக்கியமில்லை. கையைத் தூக்கச் சொன்னால் இடுப்பை வளைத்துக் கொடுப்பேன். "மேடம், தேவி உடம்ப சாச்சிக்கினு தூக்குறா" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து கோள் சொல்வீர்கள். அந்த அறையில் முழங்காலுக்கு வந்தவர்கள், இடுப்புக்கு வந்தவர்கள், பேச்சு குழறியவர்கள் எல்லாரும் நம்மால் வலியை மறந்து சிரித்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யார் முதலில் முழுசாக எட்டுகிறோமோ அவர்களுக்கு மற்றவர் சமைத்துப் போட வேண்டும் என்று பந்தயம். அதில் எனக்கு ஒரு பயம். உங்களுக்கு நான் எதைச் சமைத்துப் போட?

ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. கருவிகள் எல்லாம் நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் இருவரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பேக்கிங் பகுதியைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் உங்கள் கையைக் காட்டினீர்கள். இடது உள்ளங்கை தட்டு மாதிரி மல்லாந்து கிடந்தது. வலது கை கத்தியைச் செங்குத்தாக வைத்தது போல நின்றது.

"தொழுதுட்டு கையேந்தி துஆ கேக்கும்போது இப்டித்தான் இருக்குது தேவி" என்றீர்கள். "ஒரு கை குடுன்னு கேக்குது, இன்னொரு கை வாணாம்னு சொல்லுது. மேல இருக்குறவன் எதைத்தான் கேப்பான்?"

சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். உங்கள் கண் சிரிக்கவில்லை. சமையலைப் பற்றியும் அன்றுதான் சொன்னீர்கள். தம் போட்டு மூடிய தேக்சாவைத் திறந்து தம் உடைத்த பிறகு, அந்தப் பெரிய பாத்திரத்தின் ஓரமாகக் கரண்டியை இறக்கி, அள்ளி, மணிக்கட்டைத் திருப்பிப் போட வேண்டும். அப்போதுதான் சோறு உடையாது. ஷபானாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். மகள் கல்யாணத்துக்கு வேறு யாரோ வந்து தம் உடைப்பதை உங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு எனக்குச் சோர்வு வந்தது. இருபத்தைந்துக்கு ஏறிய தோள் அங்கேயே நின்றுவிட்டது. சுவரில் விரலால் நடந்து ஏறினேன், கம்பைப் பிடித்துத் தள்ளினேன், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டினேன். வாரா வாரம் அதே இருபத்தைந்து. கடையில் என் இடத்துக்கு வந்த பெண் நன்றாகவே விரித்தாள். இனி இப்படித்தான் என்று முடிவு செய்து அந்த அறைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். நீங்கள் போன் செய்தால் எடுக்கவில்லை.

அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்துவிட்டீர்கள். பேக்கிங் பகுதியிலிருந்து எட்டிப் பார்த்தால், மெத்தைக்கு முன்னால் நடுநாயகமாக நீங்கள், பக்கத்தில் ஷபானா, சுற்றிலும் உங்கள் தங்கைகள், நாத்தனார்கள். முதலாளி எழுந்து வந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு எடுக்கணும் பாய்... அரே, பழக்கத்துல வந்துடுச்சு. சார்" என்றீர்கள். "எங்களுக்கு தேவிதான் காட்டணும்."

"அவங்களுக்குக் கை சரியில்லைம்மா. இந்தப் பொண்ணு வசந்தி நல்லாக் காட்டும்."

"எனக்குந்தான் கை சரியில்ல. நான் வாங்க வரலியா?"

நான் முன்னால் வந்தேன். கோபம்தான் வந்தது. எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தி வைத்துவிட்டீர்களே என்று பல்லிடுக்கில், "இன்னா ஆபா இது, என்னால விரிக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

நீங்கள் புர்காவின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தை மேலேயே ஏறிவிட்டீர்கள். கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு பச்சைப் புடவையை எடுத்து ஒரு முனையை என் கையில் திணித்தீர்கள். "நீ அத்த புடி. மேல தூக்காத, இடுப்பு வரைக்கும் போதும். நான் இத்த புடிச்சிக்கினு போறேன்."

நீங்கள் கவிழ்ந்த கையால் மறுமுனையைப் பற்றிக்கொண்டு மெத்தையின் நீளத்துக்குப் பின்னால் நடந்தீர்கள். நான் கதவைத் திறப்பது போல இருபத்தைந்து டிகிரி திறந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. புடவை நம் இருவருக்கும் நடுவில் முழு நீளத்துக்கும் விரிந்து, தொட்டில் மாதிரி தொங்கி, முந்தியிலிருந்த அன்னப்பட்சிகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. ஷபானா, "அம்மி, இதுவே" என்றாள். நீங்கள் விடவில்லை. இன்னொன்று, மற்றொன்று என்று அலமாரியில் பாதியை இறக்கிவிட்டோம். ஒரு புடவையை இழுக்கும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் வலித்து, இருவரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம். உங்கள் நாத்தனார் சிரித்துச் சிரித்து மெத்தையில் சாய்ந்தார். முதலாளியும் சிரித்தார். நான் பார்த்தேன்.

நீங்கள் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரா நின்னு விரிச்சா முழுப் புடவையும் தெரியுதே. நாளையிலேர்ந்து நீயும் வசந்தியும் அப்படியே நில்லுங்க" என்றார். இன்றைக்கும் எங்கள் கடையில் கல்யாணப் புடவையை இருவராகத்தான் விரித்துக் காட்டுகிறோம், ஆபா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அது கடையின் பழைய வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் நான் மாடிப்படி ஏறி வந்தபோது நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரண்டியின் காம்பு நுனியைப் பிடித்துக்கொண்டு, அதன் கனத்தில் கையைத் திருப்புகிற பயிற்சியில் இருந்தீர்கள். "லேட்டு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு என் தோள் இளக ஆரம்பித்தது. அது தானாக இளகுகிற பருவம் வந்ததோ, பயிற்சியோ, உங்கள் வாயோ, கோமதி மேடத்துக்கே தெரியாது. முப்பத்தைந்து, நாற்பது என்று போனது. ஆனால் பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மேடம் பேனாவை நிறுத்தி, துண்டைச் செருகி, கருவியை வைத்து, குனிந்து பார்த்து, "எண்பத்திரண்டு" என்றார். துண்டு விழவில்லை. நீங்கள் நம்பவில்லை. "இந்த பிளாஸ்டிக் சொல்லி நான் நம்பணுமா?" என்று எழுந்து குடிநீர்க் குழாய்க்குப் போனீர்கள். "ஊத்து தேவி" என்று வலது கையை நீட்டினீர்கள். ஒரு டம்ளரிலிருந்து மெல்ல ஊற்றினேன். அதுவரை கையோரமாக வழிந்து ஓடிய தண்ணீர் அன்று உள்ளங்கைக் குழியில் நின்றது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு அப்படியே தூக்கிக் குடித்துவிட்டு, "இனிக்குது" என்றீர்கள். இடுப்புவலிக்கு வந்து படுத்திருந்த பெரியவர் கைதட்டினார்.

ஷபானா கல்யாணத்துக்கு நீங்களே தம் உடைத்தீர்கள். எனக்குத் தனியாக ஒரு வாளியில் வெஜிடபிள் பிரியாணி வைத்திருந்தீர்கள். பந்தயத்தில் தோற்றவள் நான். சமைத்துப் போட்டவர் நீங்கள். நான் செய்து எடுத்து வந்த கோயில் இட்லியை உங்கள் தங்கைகள் பிய்த்துப் பங்கு போட்டார்கள். மிளகும் சுக்கும் தூக்கலாக இருக்கிறது என்று நீங்கள் குறை சொன்னதாகவும் ஞாபகம். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னீர்கள்.

என் நாள் அதற்குப் பிறகு, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் வந்தது. வசந்தி சாப்பிடப் போயிருந்தாள். அவசரமாக வந்த ஓர் அம்மாள், "அந்த அரக்கு கலரைக் காட்டும்மா" என்றார். எடுத்தேன், பிடித்தேன், வீசினேன். புடவை காற்றில் எழுந்து அவர் மடியில் போய் இறங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த அம்மாள் ஜரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் பயந்துபோய், "இன்னாம்மா, விலை ஜாஸ்தியா?" என்று கேட்டார்.

உங்களுக்குப் போன் செய்தேன். "ஆபா, தனியா விரிச்சுட்டேன்."

"எவ்ளோ டிகிரி?"

"அளக்கல ஆபா."

"அளக்காம நான் நம்ப மாட்டேன். சாயங்காலம் வா."

போனேன். கோமதி மேடம் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி அளக்க வைத்தீர்கள். அறுபது.

அதன் பிறகு நமக்கு அந்த அறையில் வேலை இல்லை. ஆனாலும் நட்பு விடவில்லை. எத்தனை ரம்ஜானுக்கு உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி என் வீட்டுக்கு வந்தது, எத்தனை கருட சேவைக்கு நீங்கள் கூட்டத்தில் நசுங்க வேண்டாமென்று எங்கள் கடை மாடியிலிருந்து குடைகள் ஆடி வருவதைப் பார்த்தீர்கள். "அந்தக் குடைய புடிக்கிறவன் தோளு எவ்ளோ போகும்னு நெனைக்கிற?" என்று அங்கேயும் கணக்குப் போட்டீர்கள்.

போன வருஷ மழையில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று ஷபானா போன் செய்தாள். இதயம் நின்றுவிட்டதாம். வலியில்லாமல் போனீர்கள் என்றாள். அன்று அழுதேன். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம், ஆபா. உங்களை நினைத்தால் முதலில் வருவது சிரிப்புதான், அது அப்படியே இருக்கட்டும்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முசரவாக்கத்தில் இருக்கிற என் அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருக்கிறார்கள். வலிக்குப் பயந்து காலை நீட்டியே வைத்திருக்கிறாள், மடக்கவே மாட்டேன் என்கிறாள் என்று மாமா சொன்னார். கடை லீவு நாளில் போனேன். அக்கா கட்டில் ஓரத்தில் காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, "முடியல தேவி, இனிமே இப்டித்தான்" என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"அரே, உன்ன யாரு மலை ஏறச் சொன்னாங்க? நேத்து மடக்குனதுக்கு மேல ஒரு டிகிரி மடக்கு. அதுவும் முடியலன்னா சொல்லு, நான் பிரியாணி ஆர்டர் குடுத்துட்டு இங்கேயே உக்காந்துக்கறேன்."

அக்கா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து நான் அவளிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. வீட்டில் வாய் பேசாத பிள்ளை என்று பெயர் எடுத்தவள். "யாரு பேச்சு இது?" என்று கேட்டாள்.

"ஒரு ஆபா பேச்சு" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அவளே கவனிக்காமல், முழங்கால் மடங்கிக் குதிகால் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. நான் அதைச் சொல்லவில்லை. இன்னொரு கதை ஆரம்பித்தேன்.

என்றும் உங்கள்,
தேவி